பசிபிக்குக்காக நிறுத்திவைத்த கிடேரிகள்

கார்டல், உருகுவே
பிப்ரவரி 3, 2023

காஸ்தோன்,

‘அன்புள்ள’ போடலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே மாத்தே இலையில் ஊற்றிக் குடிக்க வைத்த வெந்நீர் ஆறிவிட்டது. வெறும் பெயரோடு விடுகிறேன். கோபம் இல்லை. இருக்கிறது, ஆனால் புத்தாண்டு அன்று போனை வைத்தபோது இருந்த அளவுக்கு இல்லை.

போனில் நான் அழுகிறேன், நீ ஊமையாகிவிடுகிறாய், நடுவில் பிலி திரையை நக்குகிறாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை போன் குழந்தைக்கு, நமக்குள் பேச வேண்டியதெல்லாம் காகிதத்தில் என்று நீதான் முடிவு செய்தாய். நியூசிலாந்துக்குப் போவதையும் நீதான் முடிவு செய்தாய். சரி, எழுதுகிறேன். ஒரு கடிதம் போய்ச் சேர மூன்று வாரமாவது ஆகும் என்று அஞ்சல் அலுவலகத்துப் பெண் சொன்னாள். அதற்குள் எந்தக் கோபமும் பழசாகிவிடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடோ என்னவோ.

முதலில் பிலி. இரண்டு வயதுப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். எடை சரி. பேச்சுதான் வரவில்லை. ‘வா’ என்கிறாள், மாட்டுக்கும் எனக்கும் ஒரே ‘வா’. மருத்துவர் பொறுத்திருக்கச் சொன்னார். அவள் தூங்கின பிறகு வாயருகே காதை வைத்துக் கேட்கிறேன், கனவிலாவது ஏதாவது சொல்கிறாளா என்று. இதை யாரிடமும் சொல்லாதே. யாரிடம் சொல்லப்போகிறாய்?

மழை இல்லை. புல்வெளி பழைய துடைப்பம் மாதிரி கிடக்கிறது. தீவனம் வாங்கிப் போடுகிறோம். உன் அப்பா காலையில் கறவை முடித்து வந்து, தொப்பியைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி, “மகளே, பசிபிக் என்னாச்சு?” வானிலை கேட்பது போலக் கேட்கிறார். நான் மொந்தேவிதேயோவில் பொருளாதாரம் படித்தவள் என்பதால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். டிசம்பரில் நம் நாடு விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து இதே பாட்டு. நானும் தினம் சொல்கிறேன்: தோன் எல்பியோ, அது பசிபிக் கரை நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், உள்ளே போனால் நம் பால்பொடியும் பாலாடைக்கட்டியும் வரி குறைந்து ஜப்பான் வரை போகும், ஆனால் உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் சரி என்று சொல்ல வேண்டும், இங்கே பக்கத்து நாடுகள் மூன்றும், எங்களை விட்டுத் தனியாகப் போகிறாயா என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கின்றன. அவர் தலையாட்டுவார். பிறகு கிடேரிகளைப் பார்க்கப் போய்விடுவார்.

மாதாமாதம் இருபத்தொன்பதாம் தேதி செய்கிற வழக்கப்படி ஜனவரியிலும் ஞோக்கி உருண்டை செய்தேன். உருளைக்கிழங்கு கொஞ்சம் தண்ணீர்விட்டுப் போயிற்று. உன் அப்பா எல்லாத் தட்டுக்கும் அடியில் அதிர்ஷ்டத்துக்கு நோட்டு வைத்தார். உன் தட்டுக்கும். சுவர் ஓரம், ஜன்னல் பக்கம், உன் இடத்தில். சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தத் தட்டு வெறுமனே இருந்தது. கழுவவா, அப்படியே அலமாரியில் வைக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. கழுவினேன்.

போகிற அன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது நினைவிருக்கிறதா? “அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், அடுத்த விமானத்துல நான் இருப்பேன்.” நான் அதை நம்பினேனா என்று கேட்காதே. நீ சொன்னதை நீ நம்பினாயா, அதை மட்டும் எழுது.

ரோமினா


வின்டன், நியூசிலாந்து
மார்ச் 1

ரோமி,

கடிதம் வந்தது. உறை ஓரம் நனைந்திருந்தது. இங்கே எல்லாமே நனைந்துதான் வரும். உங்களுக்கு அனுப்ப முடிந்தால் பாதி மழையை அனுப்பிவிடுவேன். சுங்கத்தில் பிடித்துவைத்துக்கொள்வார்கள்.

வேலை நன்றாக இருக்கிறது. மாடுகள் அதிகம், மனிதர்கள் குறைவு. முதலாளி மர்ரே மோசமானவர் இல்லை. என் மாத்தே குடுவையைப் பார்த்து முதல் நாள் பயந்தார். இப்போது அவரும் குடிக்கிறார். ஆனால் உறிஞ்சுகுழலைக் கையில் பிடித்து டீயைக் கலக்குவது போலக் கலக்குகிறார், அதைக் கலக்கவே கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும். அதனால் இப்போது அவர் வருவதற்கு முன்பே தனியாகக் குடித்துவிடுகிறேன். தனியாகக் குடித்தால் அதற்கு ஒரு ருசியும் இல்லை, தெரியுமா? ஊற்றுவதும் நான், வாங்குவதும் நான்.

ஒப்பந்தம் பற்றி இங்கேயும் பேச்சு உண்டு. உள்ளே இருக்கிறவர்களின் பேச்சு அது, வேறு மாதிரி. மர்ரே ஒருநாள் கறவைக் கூடத்தில் சொன்னார்: “உன் நாட்டை உள்ள விடலாமா வேண்டாமான்னு எங்க நாட்டையும்தான்ப்பா கேக்கணும். நீ இந்த மாசம் ஒழுங்கா கறந்தா நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கறேன்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே வந்தால் நம் பால் அவர் பாலோடு போட்டி போடும். அவர் பாலைக் கறக்கிறவன் நான்.

பிலி பேசுவாள். நானும் மூன்று வயதுவரை பேசவில்லை என்று அப்பா சொல்வார். இப்போது மட்டும் பேசுகிறேனா என்று நீ கேட்பாய், பட்டதாரியம்மா. கேட்டுக்கொள்.

சொன்னது சொன்னதுதான். கையெழுத்தானால் வருகிறேன்.

காஸ்தோன்


கார்டல்
ஏப்ரல் 1

காஸ்தோன்,

நீ நான் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதவில்லை. வேறொரு கேள்விக்கு எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, இன்றைக்கு அதைவிட அவசரமான ஒன்று.

பக்கத்துப் பண்ணை வாஷிங்டன் செவ்வாய்க்கிழமை வந்தார். வடக்கே அவர் தம்பி நிலத்தில் இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கிறதாம். நம் கிடேரிகளை வாங்கிக்கொள்கிறேன் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. வழக்கமாக உன் அப்பா தேவைக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கோடைக்கு முன்பே விற்றுவிடுவார் அல்லவா? இந்த வருடம் ஒன்றுகூட விற்கவில்லை. வறட்சியில் கறவை மாட்டுக்கே தீவனம் போதவில்லை, பால் குறைந்துவிட்டது, இன்னும் கன்றே போடாத இருபது வாய்கள் சும்மா நின்று தின்கின்றன. நான் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், அவருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்தேன்.

உன் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். “அதுங்க காஸ்தோனுக்கு,” என்றார். “பசிபிக் வந்தா அவன் வருவான். வந்து நிக்கும்போது கறவை ரெட்டிப்பா இருக்க வேணாமா? இல்லேன்னா எதுக்கு வந்தேன்னு அவன் கேக்க மாட்டானா?”

வாஷிங்டன் வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “அப்ப அந்த ஒப்பந்தத்தையே அதுங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க தோன். பசி தெரியாம இருக்கும்.”

உன் அப்பா சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீ கேட்டில் நின்று என்னிடம் சொன்னதை, உள்ளே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவரும் கேட்டிருக்கிறார். நான் அதைத் தலையணையில் வைத்து அழுதேன். அவர் அதைக் கொட்டகையில் வைத்து மாடு வளர்த்திருக்கிறார்.

நேற்று வானொலியில் பிரிட்டனுக்கு அந்த ஒப்பந்தத்தில் கதவு திறந்துவிட்டது என்று சொன்னார்கள். உன் அப்பா ஒலியைக் கூட்டிவைத்து என்னைக் கூப்பிட்டார். “பாத்தியா மகளே, பசிபிக்ல காலே நனைக்காதவங்களுக்கு எடம் குடுத்துட்டாங்க. நமக்குக் குடுக்க மாட்டாங்களா?” முகம் அப்படி மலர்ந்திருந்தது. குடுப்பாங்க தோன் என்றேன்.

எனக்கு ஒன்று வேண்டும். உன் அப்பாவுக்கு ஒரே ஒரு வரி எழுது. ‘விற்றுவிடுங்கள்’ என்றோ, ‘நிறுத்தி வையுங்கள், வருகிறேன்’ என்றோ. எதுவானாலும் சரி. நான் சொன்னால் அது மருமகள் சொன்னதாக இருக்கும். நீ சொன்னால்தான் அது பதில்.

பிலிக்கு நேற்று லேசாகச் சூடு. இன்று இல்லை. இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். இப்போது மூன்றாவது தடவை.

ரோமினா


வின்டன்
ஏப்ரல் 30

ரோமி,

அப்பா கிடேரிகளை நிறுத்தி வைத்திருப்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கறவைக்குப் போனேன். ஒரு மாடு உதைத்துவிட்டது. என் தப்புதான், கை எங்கோ இருந்தது.

அவருக்கு நான் என்ன எழுதுவது? நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதே இல்லை. டிராக்டரில் பக்கத்தில் உட்கார்ந்து போவோம், அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ‘விற்றுவிடுங்கள்’ என்று எழுதினால் அவர் அதை எப்படிப் படிப்பார் என்று உனக்கும் தெரியும். நீயே பக்குவமாகச் சொல்லிவிடேன். நீ படித்தவள்.

நேற்று இருபத்தொன்பது. ஞாபகம் வைத்து ஞோக்கி செய்தேன். மாவு அதிகமாகிக் கல் மாதிரி வந்தது. இருந்தாலும் மர்ரேயையும் அவர் மனைவி ஜில்லையும் கூப்பிட்டுப் போட்டேன். எல்லார் தட்டுக்கும் அடியில் ஐந்து டாலர் வைத்தேன். ஜில் தட்டுகளை எடுக்கும்போது நோட்டுகளைப் பார்த்து முகம் சிவந்துபோய், எல்லாவற்றையும் சேர்த்து என் கையில் திணித்தாள். “சாப்பாடு போட்டதும் நீ, காசும் நீயா? எங்கள என்னன்னு நெனச்சே?” என்றாள். அவர்கள் வந்ததற்குக் கூலி கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். விளக்கிச் சொன்னேன். சிரித்தாள், ஆனால் நோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் போன பிறகு மூன்று நோட்டையும் என் தட்டுக்கு அடியிலேயே திரும்ப வைத்தேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மற்றபடி குளிர் தொடங்கிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க விறகு வெட்டிச் சுவர் ஓரமாக அடுக்கினேன். ஈர விறகு, ஒரு வருடம் காய்ந்தால்தான் எரியும். அழகாக அடுக்கியிருக்கிறேன், படம் எடுத்து அனுப்பச் சொன்னாள் ஜில்.

இங்கே ஜூன் முதல் தேதி எல்லோரும் பண்ணை மாறுகிற நாள். ஒப்பந்தமெல்லாம் அன்றைக்குத்தான் முடிந்து அன்றைக்குத்தான் தொடங்கும். மாடு, கட்டில், கோழி, குழந்தை எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு நாடே தெருவில் இருக்குமாம். மர்ரே என்னிடம் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். யோசிக்க நேரம் இருக்கிறது என்றேன்.

சூடு முழுதாக இறங்கியதா?

காஸ்தோன்


கார்டல்
மே 28

காஸ்தோன்,

இறங்கிவிட்டது. நீ அதைக் கேட்ட கடிதம் வருவதற்குள் இன்னொரு சளி வந்து அதுவும் போய்விட்டது.

வியாழக்கிழமை பக்கத்து ஃபுளோரிதா நகரத்தில் பால்காரர்களுக்குக் கூட்டம். தலைநகரத்திலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார், ஒப்பந்தத்தைப் பற்றி விளக்க. வறட்சியில் அங்கே இப்போது குழாயில் வருவது உப்புத் தண்ணீர் என்பதால் கையில் சொந்தமாக ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். என் வயதுதான் இருக்கும். நான் தலைநகரத்து வேலையை விடாமல் இருந்திருந்தால் அந்த மேசைக்குப் பின்னால் நானே உட்கார்ந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிலி மடியில் அசைந்தாள், அந்த நிமிடம் போய்விட்டது.

உன் அப்பா நம் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முன்வரிசை. அந்த இளைஞர் நன்றாகத்தான் பேசினார். வரிசையில் நமக்கு முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியே இன்னும் முடிவாகவில்லை என்றார். உள்ளே போனாலும் பாலுக்கான வரி ஒரே நாளில் போகாது, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும், சில நாடுகளில் பத்துப் பதினைந்து வருடம்கூட ஆகும் என்றார். எனக்கு இதெல்லாம் தெரியும். டிசம்பரிலேயே படித்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான். உனக்கும் எழுதவில்லை. எழுதினால் நீ வருவதாகச் சொன்ன நாளையும் நானே பதினைந்து வருடம் தள்ளிப்போட்டது போல ஆகிவிடும் என்று பயம்.

கேள்வி நேரம். உன் அப்பா எழுந்தார். தொப்பி கையில். “ஐயா, எங்கிட்ட கிடேரிங்க நிக்குது. அதுங்க கன்னு போடறதுக்குள்ள இது வந்துருமா?”

பின்னால் சிலர் சிரித்தார்கள். அந்த இளைஞர் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஐயா, உண்மையச் சொல்லணும்னா, அதுங்களோட பேத்திங்க கன்னு போடறதுக்குள்ள வந்தாலே நமக்கு அதிர்ஷ்டம்தான்.” இப்போது கூடம் முழுக்கச் சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார், மரியாதைக்கு. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது வண்டியில் வானொலி போடவில்லை. நம் கேட் வந்ததும் இறங்கித் திறந்தார். திறந்துவிட்டு வண்டிக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றார், நீ நின்ற அதே இடத்தில். பிறகு ஜன்னல் பக்கம் வந்து, “வாஷிங்டன்கிட்ட சொல்லிடு மகளே,” என்றார். அவ்வளவுதான்.

நேற்று லாரி வந்தது. பிலி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொரு கிடேரியையும் பார்த்து ‘வா’ என்றாள். லாரி திரும்பினபோது ‘வா’ என்றாள். ரோட்டில் தூசி அடங்கிய பிறகும். உன் அப்பா கொட்டகைக்குள் போய் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார், கழுவின வாளியையே.

இப்போது விறகு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தேன். பிறகு திரும்பப் பிரித்து அந்த ஒரு வரியை மட்டும் படித்தேன். ஈர விறகு, ஒரு வருடம் காய்ந்தால்தான் எரியும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அழகாக அடுக்கியிருக்கிறேன் என்றும். அடுத்த குளிர்காலத்துக்கு அந்த வீட்டில் யார் தீ மூட்டப்போகிறார்கள் காஸ்தோன்?

உன்னை நான் திட்டவில்லை. அந்த ஒப்பந்தத்தை உன் தோளிலிருந்து இறக்கிவிடுகிறேன். கையெழுத்தானால் வருகிறேன் என்று சொன்னதை நீ சொல்லவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். நாடு எப்போது வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் சேரட்டும். இனி அது இல்லாமல் பதில் சொல். வருகிறாயா?

ரோமினா


வின்டன்
மே 27

ரோமி,

உன்னிடமிருந்து கடிதம் வரும்வரை காத்திருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ஜூன் ஒன்று காத்திருக்காது.

வேறு பண்ணையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மர்ரேதான் சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை கூலியாள் இல்லை, பொறுப்பாளர். ஆற்றுக்கு அந்தப் பக்கம். வீடு கொடுக்கிறார்கள். சின்ன வீடுதான், ஆனால் குளிர் ஏறாத சுவர், குழாயில் நல்ல தண்ணீர். பிலிக்கு ஏற்ற பள்ளி பக்கத்திலேயே, நான் போய்ப் பார்த்தேன். ஊஞ்சல் இருக்கிறது. பேச்சு தாமதமான குழந்தைகளுக்கு வாரம் ஒருநாள் யாரோ வருவார்களாம், கேட்டு வைத்திருக்கிறேன். அடுக்கின விறகை என்ன செய்வது என்று பார்த்தேன். மர்ரே டிரெய்லர் தருகிறார், அதையும் கொண்டுபோகிறேன்.

இதைப் போன ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாம். பிலி திரையில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வரவில்லை.

கேட்டில் நான் சொன்னதை நீ முதல் கடிதத்திலேயே கேட்டாய், நம்பினாயா என்று. நான் அதற்கு மூன்று மாதமாகப் பதில் யோசிக்கிறேன். அன்றைக்கு நம்பினேன். இங்கே வந்து, இவர்கள் உள்ளே இருந்துகொண்டு எவ்வளவு சாவகாசமாக அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்த பிறகு நம்பவில்லை. யாருக்கும் நாம் அவசரமில்லை ரோமி.

நீங்கள் வந்துவிடுங்கள். நாடு வருவதற்குள் நாம் பசிபிக்குக்குப் போய்விடலாம். பழைய சாமான் கடையில் ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் வாங்கிவிட்டேன். ஒன்றின் கால் கொஞ்சம் ஆடுகிறது, அது எனக்கு.

வா.

காஸ்தோன்


கார்டல்
ஜூன் 29

அன்புள்ள காஸ்தோன்,

இந்தத் தடவை அந்த வார்த்தையைப் பற்றி யோசிக்கவில்லை. எழுதிவிட்டேன்.

நம் இரண்டு கடிதமும் வழியில் எங்கோ ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. நான் வருகிறாயா என்று கேட்டேன், நீ வா என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தை உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன், எதையும் விடாமல். பொறுப்பாளர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை மாடு என்று கேட்டார். நீ எழுதவில்லை. அதை எழுது, அவருக்கு அது வேண்டும்.

“நீ போ மகளே,” என்றார் பிறகு. “புள்ளைக்கு அங்க டீச்சர் வருதாம்ல.” சொல்லிவிட்டு மாத்தே ஊற்றினார். முதல் குடுவை கசக்கும், ஊற்றுகிறவர்தான் அதைக் குடிக்க வேண்டும், குடித்தார். அடுத்ததை எனக்கு நீட்டினார். நான் வாங்கினேன். இனி அந்தக் குடுவையை அவர் யாருக்கு நீட்டுவார் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். நீ தனியாகக் குடிக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அப்படி ஒருவர் போதும் இந்தக் குடும்பத்தில்.

மூன்று நாற்காலி வாங்கியிருக்கிறாய். மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். உன் அப்பாவை எங்கே உட்கார வைப்பாய்? நீ மறக்கவில்லை என்று தெரியும். அவர் வரமாட்டார் என்று நினைத்து விட்டிருப்பாய். அவரும் கேட்கமாட்டார். அதனால் நான் கேட்கிறேன்.

கறவை இப்போது எங்கள் இருவர் கைக்கு அடங்குகிறது. கிடேரிகள் போனபிறகு தீவனம் மிஞ்சுகிறது. போன வாரம் இரண்டு நாள் தூறியது. பால் சங்கத்தில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், வாரத்தில் மூன்று காலை. ஒப்புக்கொண்டேன். முதல் வேலையே ஒப்பந்தம் பற்றி அமைச்சகத்துக்குச் சங்கத்தின் கருத்தை எழுதுவது. எழுதினேன்: சேருங்கள், ஆனால் எப்போது என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கடைசி வரியைத் தலைவர் அடித்துவிட்டார்.

இன்று இருபத்தொன்பது. ஞோக்கி நன்றாக வந்தது, இந்த உருளைக்கிழங்கில் தண்ணீர் இல்லை. உன் அப்பா நான்கு தட்டு வைத்து, நான்குக்கும் அடியில் நோட்டு வைத்தார். பிலியை உயர நாற்காலியில் உட்காரவைக்கப் போனேன். கால் இடிக்கிறது, முன்பலகை பூட்டவே வரவில்லை. எப்போது வளர்ந்தாள் என்று தெரியவில்லை, தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் நழுவி இறங்கி, மேசையைச் சுற்றிப் போய், ஜன்னல் பக்கம் உன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தட்டைத் தூக்கிப் பார்த்தாள். நோட்டை எடுத்தாள்.

பிறர் தட்டு நோட்டை யாரும் தொடக்கூடாது என்று சின்ன வயதில் உன் கையில் அடித்திருக்கிறாராமே உன் அப்பா. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து, ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவளுக்கு அடியில் வைத்தார். உயரம் போதவில்லை. இன்னொன்று கொண்டுவந்தார்.

அவள் என்னைப் பார்த்து, “இங்க,” என்றாள். தெளிவாக. புது வார்த்தை. போனில் நீ கேட்பதற்குள் இன்னும் நாலைந்து வந்துவிடும், அதனால் இதை எழுதிவிடுகிறேன்.

அவளுக்கென்று வைத்த நான்காவது தட்டு மிஞ்சியது. உன் அப்பா அதை எடுத்து அலமாரியில் வைத்தார். கழுவவில்லை, கழுவத் தேவையில்லை.

உயர நாற்காலியைத் துடைத்துக் கொட்டகையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் இனி பிலியுடையது, அதை அவளிடம் திருப்பிக் கேட்க முடியாது. மேசையின் நான்காவது பக்கம், கதவை ஒட்டி, இடம் இருக்கிறது. குளிர்காற்று வரும். நாற்காலி அடுக்களையில் சுவரோரமாக நிற்கிறது. யாரும் அதை இழுத்துப் போட்டு வைக்கப்போவதில்லை. நீ வந்தால் நீயே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ரோமி